குட்டையிலிருந்து கரையேற ஒரு வழி

மாசி மாதத்தின் கடைசி வாரத்தில், எங்கள் தோட்டத்தில் தங்க வந்திருந்த குடும்பத்தின் சிறுமி ஒருத்தி விடியற்காலையில் ஓடி வந்து, “மாமா, தண்ணியில ஒரு குட்டி மான் மெதக்குது” என்றாள். போய்ப் பார்த்தபோது அது மான்குட்டி அன்று, முழு வளர்ச்சியடைந்த சருகுமான். மூன்று கிலோ எடைதான் இருக்கும். கொம்பில்லாத, பகலெல்லாம் சருகுக்குள் அசையாமல் படுத்திருந்து இரவில் மட்டும் நடமாடும் அந்தச் சிறிய உயிர் எங்கள் தோட்டத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே, பிளாஸ்டிக் விரிப்பில் படிந்திருந்த பச்சைப் பாசியின் மீது குளம்புக் கீறல்கள் குட்டையைச் சுற்றிலும் ஓடியிருந்தன. இரவில் தண்ணீர் குடிக்க இறங்கி, வழுக்கி விழுந்து, ஒரு முழுச் சுற்றுக்கு மேல் நீந்தி, ஏற முயன்று முயன்று ஓய்ந்து போயிருக்கிறது.

அந்தக் குட்டையை வெட்டியவன் நான். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளாக அதைத் திருத்துவதற்குச் செய்த வேலைகளை, தவறுகள் உட்பட, இங்கே எழுதி வைக்கிறேன்.

தோட்டம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காப்பி, அதன் நடுவே மிளகு, மலைவாழை, எலுமிச்சை, கொஞ்சம் பலா என்று எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாவற்றையும் போன்றதுதான். மண்சுவர் எழுப்பி ஓடு வேய்ந்த இரண்டு அறைகளை விருந்தினருக்காகக் கட்டியிருக்கிறோம். இந்த மலைச்சரிவுக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடுதான் வருகிறது. அதன் பிறகு பங்குனி, சித்திரையில் ஓரிரு கோடை மழை பெய்து காப்பி பூக்கும் வரைக்கும் தண்ணீருக்குத் திண்டாட்டம். அதனால், மேலே இருக்கும் ஊற்றுத் தண்ணீரை மழைக்காலத்தில் சேமித்து வைத்துக் கோடையில் பயன்படுத்தலாம் என்று, மேற்புறம் 15 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள குட்டை ஒன்றை 3 மீட்டர் ஆழத்துக்கு வெட்டி, 500 மைக்ரான் கனமுள்ள பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டோம். நிரம்பினால் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். எங்கள் மண் தண்ணீரை நிறுத்தி வைக்காது என்பதால் விரிப்பு தேவைப்பட்டது. இடம் குறைவு என்பதால் நான்கு பக்கமும் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு மீட்டர் அகலம் என்ற செங்குத்தான சரிவில் வெட்டினோம். இந்த இரண்டு முடிவுகளும் சேர்ந்துதான் அதை ஒரு பொறியாக ஆக்கின.

மண் சரிவாக இருந்திருந்தால் நாற்பத்தைந்து டிகிரியில் எலியும் ஏறிவிடும், முயலும் ஏறிவிடும். நனைந்த பிளாஸ்டிக்கில், அதுவும் மெல்லிய பாசி படிந்த பிறகு, நகத்துக்கும் குளம்புக்கும் பிடி கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் விளிம்பு வரை நிற்பதால் விழுந்தவை எப்படியாவது வெளியேறிவிடுகின்றன. மாசியிலிருந்து வைகாசி வரை, காட்டில் ஓடைகள் வற்றி விலங்குகள் தண்ணீரைத் தேடி அலையும் அதே மாதங்களில், பாசனத்துக்கு எடுக்க எடுக்கக் குட்டையின் மட்டம் இறங்கி வழுக்குச் சரிவு நீண்டுகொண்டே போகிறது. தாகம் மிகுந்த காலமும் சாவு மிகுந்த காலமும் ஒன்றாகிவிடுகின்றன. சருகுமானுக்கு முன்பு மிதந்த எலிகளையும் தேரைகளையும் ஓணானையும் வலைக்கூடையால் அள்ளி வாழை மரத்தடியில் போட்டுவிட்டு நான் வேலையைப் பார்த்திருக்கிறேன். அவற்றை ஒரு நாளும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது இப்போதும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

வேலி போட்டுவிட்டால் போதாதா என்று பலரும் கேட்டார்கள். நானும் முதலில் அதைத்தான் யோசித்தேன். கம்பிவலை வேலி போட்டால் தவளையும் பாம்பும் எப்படியும் உள்ளே வரும், முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் அடியில் பறித்துக்கொண்டு வரும். உள்ளே வந்தவை மறுபடி வெளியேறுவதற்கு வேலியே இன்னொரு தடையாகும். ஆகவே வரவைத் தடுப்பதைவிட, விழுந்தது கரையேறுவதற்கு வழி செய்வதே சரி என்று முடிவு செய்தேன்.

முதல் முயற்சி ஒரு மூங்கில் ஏணி. கரையில் ஒரு முளையடித்து, ஏணியின் தலையை அதில் கட்டி, மற்றொரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டேன். ஓணான் கூட அதைப் பயன்படுத்தவில்லை. காரணம் எளிது. ஏணியின் படிகளுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி. விழுந்த எலிக்கு அது ஏணியே அல்ல, தண்ணீரில் கிடக்கும் இரண்டு கழிகள் மட்டுமே. அடுத்து ஒரு பலகையை மிதக்கவிட்டு அதன் ஒரு முனையைக் கரையோடு கயிற்றால் பிணைத்தேன். தண்ணீர் மட்டம் இறங்கியபோது பலகை பாதிச் சரிவில் விரிப்போடு ஒட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்றுவிட்டது. அதை நான் கவனிக்க ஒரு வாரம் ஆயிற்று.

மூன்றாவது செய்ததுதான் பெரிய தவறு. காய்கறிப் பந்தலுக்கு வாங்கி மீதமிருந்த நைலான் வலையை ஒரு பக்கச் சரிவு முழுவதும் விரித்துக் கட்டினேன். எலிகள் ஏறின. அதைப் பார்த்து மகிழ்ந்திருந்த பதினோராம் நாள், ஆறடி நீளமுள்ள சாரைப்பாம்பு ஒன்று அந்த வலைக்குள் தலையை நுழைத்து, கழுத்துக்குக் கீழே நான்கு கண்ணிகள் இறுகி மாட்டிக்கொண்டிருந்தது. பாம்பின் செதில்கள் பின்னோக்கி அமைந்திருப்பதால் அது முன்னால் போகலாம், பின்னால் இழுத்தால் ஒவ்வொரு செதிலும் நூலில் கொளுவும். விடுபடத் துடிக்கத் துடிக்க நூல் தோலுக்குள் இறங்கிவிடும். தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒரு சாக்கால் அதன் தலையை மெதுவாக மூடிப் பிடித்துக்கொள்ள, நான் நகம் வெட்டும் சிறிய கத்தரியை நூலுக்கும் தோலுக்கும் நடுவே படுக்க வைத்து ஒவ்வொரு கண்ணியாக அறுத்தேன். கடைசிக் கண்ணி அறுபடுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. நூல் இறங்கிய இடத்தில் செதில் வரிசை ஒன்று வெள்ளையாக உரிந்து கிடந்தது. விட்டவுடன் அது ஓடவில்லை. காப்பிச் செடியின் தூரில் சிறிது நேரம் மூச்சு வாங்கிக் கிடந்து, பிறகு சருகுக்குள் போயிற்று. அன்று மாலையே வலையை முழுவதும் சுருட்டி எடுத்துவிட்டேன். தோட்டத்தில் வேறெங்கும் இப்போது நைலான் வலை இல்லை. பறவைகளுக்காகக் கொய்யா மரத்தின் மீது போட்டிருந்ததையும் எடுத்துவிட்டோம்.

அன்று சாக்கை உதறிக்கொண்டே பெரியவர் சொன்னதுதான் வேலையைச் சரியான பாதைக்குத் திருப்பியது. “தம்பி, தண்ணியில விழுந்தது நடுவுல நீந்தாது. சொவத்தத் தொட்டுக்கிட்டே சுத்தும். சுத்திச் சுத்தி மூலையிலதான் போயி நிக்கும். நீங்க நடுவுல வழி வச்சா அதுக்கு எப்படித் தெரியும்? நாலு மூலையிலயும் போடுங்க.” சருகுமானின் கீறல்களை மறுபடியும் நினைத்துப் பார்த்தேன். அவை மிகுதியாக இருந்த இடங்கள் மூலைகள்தான். நான் ஏணியையும் பலகையையும் என் வசதிக்காக மோட்டார் இருக்கும் பக்கத்தின் நடுவில் வைத்திருந்தேன்.

நைலானுக்குப் பதிலாகத் தேங்காய் நார்க் கயிற்றால் நெய்த பாய். சாலைச் சரிவுகளிலும் ஆற்றங்கரைகளிலும் மண் அரிக்காமல் இருக்க விரிப்பார்களே, அதுதான். சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என்ற கனங்களில் நெய்கிறார்கள். 400 கிராம் பாயின் கண்கள் பெரியவை, தவளையின் கால் உள்ளே போய்விடும். 900 கிராம் பாய் நனைந்தால் தூக்குவதற்கு நான்கு ஆள் வேண்டும். நான் 700 கிராம் பாயை எடுத்தேன். நார் தண்ணீரில் ஊறினாலும் சொரசொரப்புக் குறையாமல் இருப்பதும், நகம் பதிவதற்கு இடம் கொடுப்பதும், மாட்டிக்கொண்டால் இறுகாமல் விலகிக்கொடுப்பதும் அதன் நற்குணங்கள். மட்கிப்போகும் என்பது குறைதான், ஆனால் மட்கியது மண்ணாகும்.

ஆழம் மூன்று மீட்டர் என்றால் நாற்பத்தைந்து டிகிரிச் சரிவின் நீளம் நான்கேகால் மீட்டர். கரையில் புதைப்பதற்கு ஒரு மீட்டர், அடித்தளத்தில் படுத்துக் கிடப்பதற்கு முக்கால் மீட்டர் சேர்த்து, ஒவ்வொரு பாயையும் 6 மீட்டர் நீளத்துக்கு வெட்டினேன். அகலம் ஒரு மீட்டர். மூலைக்கு ஒன்றாக நான்கு, நீளப் பக்கங்கள் இரண்டின் நடுவிலும் ஒவ்வொன்று, ஆக ஆறு பாய்கள். மூலையில் போடும் பாய் இரண்டு சரிவுகளும் சேரும் மடிப்பின் மேலேயே விழ வேண்டும். அந்த மடிப்பில் சாய்வு சற்றுக் குறைவு, நீளம் சற்று அதிகம் என்பதால் மூலைப் பாய்களுக்கு இன்னும் ஒரு மீட்டர் கூட்டிக்கொண்டேன்.

பாயின் மேல் விரலளவு கனமுள்ள தேங்காய் நார்க் கயிற்றை ஒரு சாண் இடைவெளியில் குறுக்காகப் படியவைத்து, கோணி ஊசியால் பாயோடு சேர்த்துத் தைத்தோம். இந்தக் குறுக்குக் கயிறுகள் முயல் போன்ற கனமுள்ள விலங்குகளுக்குப் படிகளாகின்றன. தைக்கும் வேலையைத் தோட்டத்துப் பெண்கள் மூன்று பேர் இரண்டு நாட்களில் முடித்தார்கள். காப்பிச் சாக்கு தைத்துப் பழகிய கைகள் என்பதால் முடிச்சுகள் எல்லாம் பாயின் அடிப்பக்கமாக விழும்படி தைத்தார்கள். நான் தைத்த முதல் பாயில் முடிச்சுகள் மேலே துருத்திக்கொண்டிருந்தன. அதைப் பிரித்து மறுபடியும் தைத்தோம்.

கீழ்நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைக்கக் கல்லைக் கட்டக் கூடாது. கல்லின் விளிம்பு விரிப்பைக் கிழித்துவிடும். சலித்த மணலைச் சிறிய சாக்குகளில் பாதியளவு நிரப்பி, தளர்வாகக் கட்டி, பாயின் நுனிக்கு மூன்றாக வைத்தோம். மேல்நுனியை, விரிப்பைப் புதைத்திருந்த அதே கரைப் பள்ளத்தில் மடித்துப் போட்டு, மண்ணை நிரப்பித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினோம். இங்கே ஒரு சிறிய நுணுக்கம் உண்டு. பாய் கரையின் விளிம்பைத் தாண்டி இரண்டு முழமாவது மண்ணின் மேல் படர்ந்திருக்க வேண்டும். விளிம்பிலேயே அது முடிந்துவிட்டால், களைத்துப்போன விலங்கு கடைசி அடியில் மறுபடியும் பிளாஸ்டிக்கில் கால் வைத்துச் சறுக்கிவிடும்.

பயன்படுகிறதா என்பதைத் தெரிந்துகொள்வதற்குக் கேமரா எதுவும் வாங்கவில்லை. ஒவ்வொரு பாயின் தலைமாட்டிலும் சலித்த செம்மண்ணை ஒரு முறம் அளவுக்குத் தூவி, மாலையில் வாரியலால் லேசாக வருடிச் சமன் செய்து வைத்தோம். காலையில் காப்பி குடிப்பதற்கு முன்பு ஆறு இடங்களையும் சுற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. முதல் வாரத்தில் தேரைகளின் சிறு குழிகளும் எலியின் வால் இழுத்த கோடும் தெரிந்தன. இரண்டாம் வாரத்தில் வடகிழக்கு மூலையில் மரநாயின் ஐந்து விரல் தடம் ஈரத்தோடு இருந்தது. காலின் சொட்டுத் தண்ணீர் செம்மண்ணில் சிறு சிறு உருண்டைகளாக உறைந்திருந்ததைக் கொண்டு, அது தண்ணீர் குடிக்க வந்ததன்று, தண்ணீருக்குள் இருந்து ஏறி வந்தது என்று பெரியவர் காட்டினார். தங்க வரும் குழந்தைகளுக்கு இப்போது இந்தக் காலைச் சுற்றுதான் பிடித்த வேலை. புலியைப் பார்க்க வேண்டும் என்று வந்த ஒரு பையன் கீரியின் தடத்தை வரைந்து எடுத்துக்கொண்டு போனான்.

காட்டுமாட்டுக்கு இந்தப் பாய்கள் போதாது. ஆயிரம் கிலோ வரை எடை வரக்கூடிய அந்த விலங்கு சரிவில் கால் வைத்தால் பாயும் கிழியும், விரிப்பும் கிழியும். விழுந்துவிட்டால் வனத்துறையினர் வந்து ஒரு பக்கக் கரையை வெட்டித்தான் வெளியேற்ற வேண்டியிருக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தின் காடுகளும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களும் அவற்றின் கண்ணுக்கு வேறு வேறு அல்ல. கோடையில் அவை வரத்தான் செய்யும். ஆகவே பெரிய குட்டைக்கு வரும் வழியிலேயே, அதற்குக் கீழே, அவை எளிதாக நின்று குடிப்பதற்கு ஆழமில்லாத வேறொரு குட்டை வெட்டினோம். பெரிய குட்டையின் வழிந்தோடும் தண்ணீரும், கோடையில் ஊற்றிலிருந்து அரை அங்குல ஓஸ் பைப்பில் சொட்டும் தண்ணீரும் அதற்குப் போகும்.

6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள நீள்வட்டம். மிக ஆழமான இடத்தில் முழங்காலுக்குச் சற்று மேல், 60 சென்டிமீட்டர். கரை எங்கும் மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் இறங்கும் தட்டையான சாய்வு. இதில் பிளாஸ்டிக் போடுவதில்லை என்று முதலிலேயே உறுதி செய்துகொண்டு, பள்ளத்தாக்கில் வயல் இருந்த இடத்திலிருந்து களிமண்ணை டிராக்டரில் கொண்டு வந்தோம். கையில் ஈரமாக எடுத்து விரல் பருமனில் திரித்து, மோதிரம்போல வளைத்தால் விரிசல் விடாமல் நிற்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறிய மண்ணை மட்டும் எடுத்தோம். ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, நான்கு பேர் வரிசையாக நின்று குதிகாலால் மிதித்தோம். அதற்கு மேல் இன்னொரு சாண், மறுபடியும் மிதி. மண் தன் கட்டிகளை எல்லாம் இழந்து வெண்ணெய் போல ஆகும் வரை மிதிக்க வேண்டும். நடுவில் சிறு கட்டி ஒன்று தங்கினாலும் தண்ணீர் அதன் ஓரமாகவே வழி கண்டுபிடித்துவிடும்.

மிதித்து முடித்த மறுநாள் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக நான் வத்தலக்குண்டு போய்விட்டேன். மூன்று நாள் நல்ல வெயில். திரும்பி வந்து பார்த்தால் களிமண் முழுவதும் ஓட்டு வில்லைபோல வெடித்துக் கிடந்தது. விரிசலுக்குள் சேற்றை வார்த்து அடைத்துத் தண்ணீர் விட்டேன். இரண்டே இரவில் மொத்தமும் இறங்கிவிட்டது. ஒட்டுப்போடுவதெல்லாம் பயன்படாது என்று உணர்ந்து, மேல் அடுக்கை மண்வெட்டியால் கொத்திப் புரட்டி, மறுபடி நனைத்து மிதித்தோம். இந்த முறை மிதித்த பகுதியை உடனுக்குடன் ஈரச் சாக்கால் மூடி, கடைசிச் சாக்கை எடுத்த அதே நேரத்தில் தண்ணீரைத் திறந்தோம். களிமண் குட்டையை ஒரு நாளும் காயவிடக் கூடாது. காய்ந்தால் அது குட்டை அல்ல, செங்கல் சூளை. இப்போது கோடையிலும் ஒரு சாண் தண்ணீராவது நிற்கும்படி ஓஸ் பைப்பைத் திறந்து வைக்கிறோம்.

கரையில் ஒரு பக்கம் சேம்பும் வசம்பும் வல்லாரையும் நட்டோம். கோரை தானாகவே வந்தது. மறுபக்கத்தைக் காட்டுமாடுகளுக்காக வெறுமனே விட்டு, களிமண்ணின் மேல் ஆற்றுக் கூழாங்கல்லைப் பரப்பினோம், குளம்பு களிமண்ணைத் துளைக்காமல் இருப்பதற்காக. அழகாக இருக்குமே என்று ஆகாயத்தாமரையைக் கொண்டு வந்து கொடுத்த நண்பரிடம் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி ஒரு முறை இறங்கினால் தண்ணீரை மூடிவிட்டுத்தான் ஓயும்.

அறைகளுக்கு அருகில் தேங்கிய தண்ணீர் என்றதும் விருந்தினர்கள் கொசுவைப் பற்றிக் கேட்டார்கள். கேட்பது நியாயம். கொசு மீன் விடுங்கள் என்ற யோசனையும் வந்தது. கம்பூசியா என்ற அந்த மீன் வட அமெரிக்காவைச் சேர்ந்தது. 1928இல் கொசு ஒழிப்புக்காக இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்டது. கொசுப்புழுவைத் தின்பதுபோலவே தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் நம் நாட்டுச் சிறுமீன்களின் குஞ்சுகளையும் அது தின்றுவிடும். நாங்கள் எந்த மீனையும் விடவில்லை. பதிலாக, வாரத்துக்கு ஒரு முறை வெள்ளை நிறப் பிளாஸ்டிக் குவளையால் கரையோரத்தில் பத்து இடங்களில் தண்ணீரை முகந்து பார்க்கிறேன். முதல் மாதத்தில் குவளைக்கு இருபது, முப்பது கொசுப்புழுக்கள் நெளிந்தன. அந்த நாட்களில் பதறாமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. ஆறாவது வாரம் முகந்தபோது புழுக்கள் நான்கைந்துதான் இருந்தன. அவற்றுக்கு நடுவே, சேற்று நிறத்தில், தட்டையான உடலும் பெரிய கண்களுமாகத் தட்டான் குஞ்சு ஒன்று குவளையின் அடியில் உட்கார்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழுதடு மடிப்புக் கத்திபோல விரிந்து நீண்டு, ஒரு கொசுப்புழுவைக் கவ்விக்கொண்டு மறுபடியும் மடிந்தது. கண் இமைக்கும் நேரம் கூட இல்லை. பிறகு ஆராய்ந்ததில், அறைகளைச் சுற்றி இருந்த கொசுக்களில் பெரும்பகுதி வந்தது குட்டையிலிருந்து அன்று. பின்கட்டில் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளிலும் பழைய டயரிலும் இருந்துதான். அவற்றை அகற்றியபின் புகார்கள் குறைந்தன.

தட்டான்களைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குக் காற்றோடு கூட்டங்கூட்டமாக வரும் பொன்னிறத் தட்டான்கள் இந்தியப் பெருங்கடலையே கடந்து ஆப்பிரிக்கா வரை போகும் இனம். அவை பெரிய குட்டையின் வெறும் பிளாஸ்டிக் சரிவில், தண்ணீரே இல்லாத இடத்தில், வாலால் தட்டித் தட்டி முட்டையிட்டதைப் பார்த்தேன். தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் தன்மையைக் கொண்டுதான் அவை தண்ணீரை அடையாளம் காண்கின்றன. பளபளக்கும் பிளாஸ்டிக்கும் காரின் கூரையும் அதே விதமாக ஒளியைத் தெறிக்கின்றன. அந்த முட்டைகள் எல்லாம் வெயிலில் காய்ந்து வீணாயின. தண்ணீருக்கு மேலே தெரியும் சரிவை நார்ப்பாய்களால் இன்னும் கொஞ்சம் மூடிவிட்டால் இதுவும் குறையும் என்று, அடுத்த ஆண்டு தெற்குப் பக்கத்தில் இரண்டு பாய்களைக் கூட்டினேன்.

சின்னக் குட்டையின் மேல் கொய்யாக் கிளை ஒன்று தாழ்ந்து நின்றது. இலை உதிர்ந்து தண்ணீர் கெடும் என்று அதை வெட்ட அரிவாளை எடுத்தவன், அதில் முட்டை வெள்ளையை அடித்து நுரைக்க வைத்ததுபோலக் கையளவு வெள்ளை நுரை ஒட்டியிருந்ததைக் கண்டு நிறுத்திக்கொண்டேன். மரத்தவளையின் கூடு. பெண் தவளை தன் உடலிலிருந்து சுரக்கும் நீர்மத்தைப் பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடுகிறது. வெளிப்பக்கம் காய்ந்து பழுப்பு ஏறிப் பொருக்குத் தட்ட, உள்ளே ஈரம் காக்கப்படுகிறது. நான்காம் நாள் மாலை மழை தூறியபோது குடையோடு போய் நின்றேன். நுரையின் அடிப்பாகம் இளகித் தொங்கி, அதற்குள்ளே கரும்புள்ளிகள் அசைந்தன. ஒரு துளி நீண்டு இழையாகி அறுந்தது. தண்ணீரில் விழுந்த துளியிலிருந்து மூன்று தலைப்பிரட்டைகள் வால் துடிக்கப் பிரிந்தன. அடுத்த துளியில் இரண்டு. இருட்டும் வரை நின்று பார்த்தேன். பிளாஸ்டிக் குட்டைக்கு மேலே கிளையே இல்லாதபடி நான்தான் முன்பு எல்லாவற்றையும் வெட்டியிருந்தேன்.

ஆனால் எல்லாத் தவளைக்கும் குட்டை தேவை என்று நினைத்துவிடக் கூடாது. மழைக்கால இரவுகளில் காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று கூப்பிடும் நகத்தளவுப் புதர்த்தவளைகள் தண்ணீரில் முட்டையிடுவதே இல்லை. ஈரமான சருகுக்கடியிலும் மண்ணிலும் முட்டையிட, அவற்றுக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் கழிந்து, முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வெளியே வருகிறது. இவற்றில் ஓர் இனம் கொடைக்கானல் பகுதியிலிருந்து 2006இல்தான் அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இவற்றுக்காக நான் செய்த ஒரே வேலை, ஒரு வேலையை நிறுத்தியதுதான். அறைகளுக்கும் குட்டைக்கும் நடுவே உள்ள நிலத்தைத் தினமும் பெருக்கிச் சருகைக் கொளுத்துவதை நிறுத்திவிட்டோம். நடைபாதையை மட்டும் பெருக்குகிறோம். சருகு கிடந்தால் அட்டை ஏறுமே என்று என் மனைவி கவலைப்பட்டது உண்மைதான், மழைக்காலத்தில் அட்டை ஏறத்தான் செய்கிறது. விருந்தினருக்கு முழங்கால் வரை காலுறையும், ஒரு கிண்ணத்தில் உப்பும் கொடுத்து வைக்கிறோம். அதே சருகைக் கிளறிக்கொண்டு, ஐப்பசியில் வலசை வரும் ஆறுமணிக் குருவி ஒன்று இரண்டு ஆண்டுகளாகக் குட்டைக் கரையில் தங்குகிறது. காலையிலும் மாலையிலும் அது கூப்பிடும் நேரத்தைக் கேட்டுத் தோட்டத்துப் பெண்கள் வேலையை முடித்துக்கொள்கிறார்கள்.

குட்டைக்குப் போகும் வழியில் விருந்தினர் பாதுகாப்புக்காக வெள்ளை எல்இடி குழல்விளக்கு ஒன்று விடிய விடிய எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் காலையில் இறந்த பூச்சிகளை முறத்தால் அள்ளுவோம். அதையும் எடுத்துவிட்டு, முழங்கால் உயரக் கல்தூணில், மேலே தகரத் தொப்பி வைத்து, தரையை மட்டும் பார்க்கும் மஞ்சள் விளக்குகள் மூன்று வைத்தோம். இரவு ஒன்பதரைக்கு அணைத்துவிடுவோம், அதற்கு மேல் நடப்பவர்களுக்குக் கைவிளக்கு. மின்மினியின் ஆண் பறந்துகொண்டே ஒளிவிட, பெண் புல்லிலிருந்து பதில் ஒளி காட்டும். வெள்ளை விளக்கின் வெளிச்சத்தில் அந்தப் பதில் ஆணின் கண்ணுக்குத் தெரியாது. விளக்கு மாறிய முதல் சித்திரையில், கோடை மழைக்கு மறுநாள் இரவு, சேம்பு இலைகளுக்கு நடுவே ஆறேழு பச்சை ஒளிகள் தாழ்வாக மினுங்கின. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த இடத்தில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அறைகளின் குளியல் தண்ணீரைப் பற்றி ஒரு வரி. சோப்பு கலந்த அந்தத் தண்ணீர் எந்தக் குட்டைக்கும் போகாமல், எதிர்ப்பக்கமாகக் கல்வாழைப் பாத்திக்கும் அதிலிருந்து வாழைக்கும் போகும்படி வாய்க்காலை மாற்றி வெட்டினோம்.

இந்த மாசியோடு பாய்கள் போட்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகிறது. தண்ணீர் ஏறி இறங்கும் நடுப்பகுதியில் நார் கறுத்து, விரலால் இழுத்தால் இழை பிரிகிறது. எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கும் கீழ்ப்பகுதி இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது. தென்மேற்கு மூலைப் பாயில் குறுக்குக் கயிறு மூன்று அறுந்திருக்கிறது. சென்ற வாரம் அந்த மூலையின் செம்மண்ணில் தடம் எதுவும் விழவில்லை, அடுத்த மூலையில் முயலின் தடம் இருந்தது. அறுந்த பாயைத் தவிர்த்து அது சுற்றிப் போய் ஏறியிருக்க வேண்டும். புதுப் பாய்களுக்குச் சொல்லியாயிற்று. பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைத் தைத்துவிடலாம் என்று பெண்கள் சொல்கிறார்கள், பழைய நாருக்குள் தட்டான் குஞ்சுகள் நிறைய இருக்கின்றனவாம். தண்ணீர் இன்னும் ஒரு மீட்டர் இறங்கியதும் தைக்கத் தொடங்குகிறோம்.